வெயிலில் மூடிய பின்னல் கூரை

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டு நல்ல வெயில். ஜமுனாமரத்தூர் அங்கன்வாடி முற்றத்தில் பின்னல் கூரையைக் கட்டி முடித்தோம், நானும் என்னோடு படித்த தினாவும். பைன் மரக் காயின் செதில்களைப் பார்த்து நான் வடிவமைத்தது. காய்ந்தால் துணியின் செதில்கள் திறந்து காற்று விட வேண்டும்; ஈரம் பட்டால் நூல் உப்பி மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்தும் பாதிதான் மூடியது. வெள்ளிக்கிழமை நிதி தருகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். "நான் பாத்துக்கறேன், நீ படு" என்றான் தினா. விரலெல்லாம் ஊசித் தடம். தைலம் வாங்கணும்.

11, செவ்வாய்

கயிறு வாங்கச் சந்தவாசல் போனேன். மத்தியானம் திரும்பினால் கூரை முழுசாக மூடியிருக்கிறது. "மலைக் காத்துல ஈரம் இருக்குல்ல" என்றான். கொடியில் என் துண்டு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை.

13, வியாழன்

அங்கன்வாடி உதவியாளர் வள்ளியக்கா, கீரை ஆய்ந்துகொண்டே: "இன்னாம்மா உங்க துணி, சார் போனைத் தொட்டாதான் மூடிக்குதா?"

"எப்பக்கா பாத்தீங்க?"

"நேத்து வூட்டுக்குக் கெளம்பறப்ப. சார் வெளாடறாருன்னு நெனச்சேன்."

தினா டீக்குப் போனதும் ஏணி போட்டு ஏறினேன். ஓரத் தையலுக்குள் விரல் விட்டால், நூலோடு நூலாகக் கம்பி. சூடேறினால் சுருங்கும் ரகம். மடிப்பில், போனிலிருந்து இயக்கும் பேட்டரி. மூடியது என் பின்னல் இல்லை.

தினா வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. "ஒரு நாளைக்குத்தான். அவங்க சரின்னுட்டா நூலை மாத்திடலாம். உன் டிசைனுக்காகத்தான் செஞ்சேன்."

எனக்காகவாம். அதுதான் எரிகிறது. ராத்திரி சாப்பிடவில்லை.

14, வெள்ளி

தூறல். பேட்டரியைக் காலையிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நான்கு பேர் வந்து கூரைக்குக் கீழே நின்றார்கள். தினா போனைத் தொட்டான். மறுபடி தொட்டான். என்னைப் பார்த்தான். செதில்கள் பாதியில் நிற்க, எல்லார் தலையிலும் தூறல்.

வந்தவர்களில் ஓர் அம்மா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி, "எப்ப மூடும்?"

"இவ்வளவுதாங்க மூடும். ஏன்னு இன்னும் தெரியல" என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். நிதி வராது என்று குரலிலேயே தெரிந்தது.

தினா சாமான் கட்டினான். கல்லூரி நாளிலிருந்து சேர்ந்து செய்த மாதிரித் துணிகளைப் பையில் வைக்கப் போனான்.

"அது இங்கயே இருக்கட்டும்."

எடுத்த இடத்திலேயே வைத்தான். அவன் பஸ் கிளம்பியதும் முதல் துணியின் தையலைப் பிரித்தேன். வெறும் நூல்தான், கம்பி இல்லை.

இரண்டாவதை எடுத்திருக்கிறேன்.