அப்பா ஏன் போனில் பேசுவதில்லை

மண்ணூர்,
வியாழக்கிழமை.

என் கண்ணு, மகன் வாணாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்த ஜப்பான் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், நாலு மாதமாகப் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பேப்பரில் எழுதக் கை வரவில்லை. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், வாட்ஸ்அப்பில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறுவாய். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி. அப்பா உயிருக்கு ஆபத்து இல்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஆனால் அப்பாவுக்கு இனிமேல் குரல் இல்லை. தொண்டையில் புற்றுநோய் வந்து ஐப்பசியில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், போனில் கேமரா போய்விட்டது என்று நான் சொன்னதெல்லாம் பொய். உன் பரீட்சை முடியட்டும் என்று மறைத்தேன், போன வாரம் முடிந்துவிட்டது என்றாய், இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அவர் வேலை பிரஸ் ஷாப்பில் என்று உனக்குத் தெரியும். தகடு அடிக்கிற சத்தத்தில் அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், எல்லாருக்குமே தொண்டை கட்டித்தான் கிடக்கும். சித்திரையில் அவர் குரல் கம்மியபோது அவருடைய லைனில் இருந்த நாலு பேருக்கும் அதே குரல், இதில் எது வியாதி என்று கண்டோம். உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன், சுக்கும் மிளகும் இடித்துக் கொடுத்தேன், நாலு மாதம் இதே வேலை. விழுங்கும்போது வலி, காது வரைக்கும் குத்துகிறது என்ற பிறகுதான் சென்னைக்குப் போனோம். எத்தனை வருஷமாகப் பிடிக்கிறீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். முப்பது என்றார் உன் அப்பா, அதையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலே வந்து காட்ட வேண்டும், சிகரெட் பிடிக்கிறவர் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது, சீக்கிரம் வந்திருந்தால் ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தே சரிசெய்யப் பார்த்திருக்கலாம் என்றார். நான் சுக்கு இடித்துக்கொண்டிருந்தேன் வாணா.

அந்த சிகரெட்டை அவர் வேறு யாரிடம் வாங்கினார். கம்பெனி வாசலில் என் கடையில்தான். கேட்டில் செக்யூரிட்டி பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பான், தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் உள்ளே போகக் கூடாது, அதனால் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் என் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள், நான் பாக்கெட் மேல் பேனாவால் பெயர் எழுதி வைப்பேன். உன் அப்பா பெயரையும் எழுதியிருக்கிறேன், ரகுபதி என்று. வெளியே வரும்போது ஒரு டீயோடு நானே எடுத்து நீட்டுவேன். அட்டையில் புண் வந்த தொண்டையைப் படம் போட்டிருப்பான். அக்கா, அந்தப் படம் வேண்டாம், வேறு படம் குடு என்று கம்பெனிப் பையன்கள் கேட்பார்கள், நானும் காய்கறி பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதே மாதிரித் தொண்டையைத் தினமும் காலையில் நான்தான் துடைக்கிறேன். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு.

ஆவணியில் நாலைந்து பெண்கள் ஒரு பேனரோடு வந்தார்கள். புகையிலையை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யச் சொல்லி மனு, கையெழுத்துப் போடுங்கள் என்று என் கடை வாசலிலேயே கேட்டார்கள். கொழுப்பைப் பார் என்று விரட்டிவிட்டேன். கார்த்திகையில் திரும்பி வந்தார்கள், மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நம் வீட்டுக்குப் பின்னால் ரூமில் இருக்கிறானே நம்பிராஜன், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், அவன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். தட போட்டா மட்டும் விட்ருவமாக்கா, பான் மசாலாவ என்னைக்கோ தட பண்ணியாச்சு, கெடைக்கத்தான செய்யுது, நீங்க விக்கலன்னா இன்னொருத்தன் விப்பான் என்றான். அவன் சொல்வதும் பொய்யில்லை. நான் சிகரெட்டை நிறுத்திவிட்டேன், இப்போது டீயும் வாழைப்பழமும் பன்னும்தான். எல்லாரும் எதிர்க்கடையில் வாங்கிவிட்டு, அவனை நம்பாமல் பாக்கெட்டை என் டப்பாவில்தான் கொண்டுவந்து போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, அந்தச் சாக்கில்தான் நாலு பேர் என்னோடு பேசுகிறார்கள். ஆனாலும் நம்பிராஜனிடம் ஒன்று கேட்டேன். மதில் சுவருக்கு உள்ளே கம்பெனிக்காரன் தடை போட்டிருக்கிறான், எட்டு மணி நேரம் ஒருத்தனும் பற்ற வைக்காமல் வேலை செய்கிறீர்கள், அதனால் யாராவது செத்தீர்களா, வெளியே வந்ததும் கை எட்டுகிற தூரத்தில் நான் விற்றதால்தானே வாங்கினீர்கள் என்றேன். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அப்பாவிடம் தடை செய்யலாமா என்று கேட்டால் நோட்டில் எழுதிக் காட்டுகிறார், போன வருசம் தடை பண்ணியிருந்தா நான் ரோட்ல உக்காந்து கோஷம் போட்டிருப்பேன் என்று. எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரிக்கிறார், சத்தமே இல்லை.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே மரகதம், இன்னா பண்ணிகினு கீற என்று கத்திக்கொண்டே வருவார், ஊருக்கே கேட்கிறது மெதுவாகப் பேசுங்கள் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இப்போது கை தட்டிக் கூப்பிடுகிறார். நான் சமையல்கட்டில் இருந்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பது கூடத் தெரிவதில்லை. சண்டை போட்டாலும் நான் ஒருத்தியே இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் சத்தம் வேண்டுமே என்று டிவியைப் போட்டுவைக்கிறேன், இருவருமே பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், பேச முடியாதவரிடம் எத்தனை நேரம் உட்காருவார்கள், எழுந்து போய்விட்டார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி இருக்கிறதாம், பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். மிஷின் சத்தம் கம்பெனியோட போவட்டும் என்று எழுதிக் காட்டுகிறார். நீ சொன்னால் கேட்பார்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லப்போகிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், அவர் என் கையில் இருந்த போனைக் கேட்டார். வாணாகிட்ட பேசணும், போட்டுக் குடு என்றார், அந்தக் கம்மிப்போன குரலில். நான் கொடுக்கவில்லை. இந்தக் குரலைக் கேட்டால் பையன் கண்டுபிடித்துவிடுவான், பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான், மூன்று நாள் போகட்டும், ஆபரேஷன் முடிந்ததும் பேசிக்கலாம் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். பேச்சு வராது என்று டாக்டர் பொறுமையாக எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித்தான் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்ற ஒன்றுதான் என் காதில் விழுந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் பயப்படுவேன் என்று எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, இரண்டாம் தடவை போனைக் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு அவனிடம் என்ன சொல்வதாக இருந்தீர்கள் என்று. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, வாணான்னு ஒரு தபா கூப்புடலாம்னு பார்த்தேன் என்று எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் வைத்திருக்கிறேன். இதை நான் யாரிடம் சொல்வேன், நீயே சொல்லு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, எனக்கு அது வேண்டியதுதான்.

நீயும் ஊதுகிறாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோதெல்லாம் வெளியே போய்விட்டு ஏலக்காய் மென்றுகொண்டே வருவாயே, சிகரெட் விற்றவளுக்கு அது தெரியாதா. நான் உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதையை இழந்தவள், ஆனாலும் சொல்கிறேன், விட்டுவிடு. தடை வருகிறபோது வரட்டும், அதுவரை நீ காத்திருக்காதே. உடனே பதறி டிக்கெட் போடாதே, லீவு கொடுக்கும்போது வா. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாய், போனை வீட்டில் வைத்துவிட்டு நான் கடையில் இருந்தேன். சத்தமே வரவில்லை, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னாய். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல் போனை எடுத்து யாரும் பேசவில்லை என்றால் வைத்துவிடாதே கண்ணு. அது அப்பாதான். நீ பாட்டுக்குப் பேசு.

இப்படிக்கு
உன் அம்மா
மரகதம்