சித்தி இருக்கும் இடம்

ஜூலை 3

கணக்குத் தேர்வு சுமார். அதை விடு.

கதைச் செயலியில் நான் போடும் தொடர்கதையின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தது ஒரே ஒரு கருத்து. அதையும் போட்டது கண்ணாடிதான். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. "சூப்பர்" என்று எழுதிவிட்டு, இடைவேளையில் வந்து, "படிக்கவே இல்லடி, சும்மா போட்டேன்" என்கிறாள்.

அவள் அக்கா சமையல் வீடியோ போடுகிறாள். அதனால் இவளுக்கு எல்லாம் தெரியுமாம். "தினமும் போடணும். ஒரு நாள் விட்டா மறந்துடுவாங்க. இளவரசி, அரண்மனை எல்லாம் யாருக்குடி வேணும்? உண்மையா ஏதாவது எழுதேன்."

உண்மையாக என்னிடம் என்ன இருக்கிறது? பள்ளி, வீடு, டியூஷன். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பக்கத்தில் சித்தி தூங்குகிறாள். லேசாகக் குறட்டை.

ஜூலை 4

சித்தியைப் பற்றி எழுதிவிட்டேன்.

ஜூலை 5

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் எதுவும் போடவில்லையே. என் பெயரும் இல்லை. புனைபெயருக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வது போல எழுதியிருக்கிறேன்.

சித்தி இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. அது அம்மாவின் கட்டளை. சித்தப்பா சித்தியின் மணிக்கட்டை முறித்த மறுநாள் விடியலில் அவள் எங்களிடம் வந்தாள். உடனே அம்மா வீட்டையும் எண்ணையும் மாற்றி வேறு போன் வாங்கினாள். பழையது படிப்புக்காக என்னிடம் வந்தது. அப்பா லாரியோடு எப்போதும் வெளியூரில். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

நேற்று துணி காயப் போடும்போது சித்தி அந்த விடியலைப் பற்றிச் சொன்னாள். எப்போதும் போல ஜோக்காக. "ஒரு கையில கட்டு. இன்னொரு கையில கதவைச் சாத்தணும், சத்தம் வராம. பையை என்ன பண்றது? பல்லால கடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்டி. பூனை குட்டியத் தூக்குமே, அந்த மாதிரி."

இருவரும் சிரித்தோம். அதை அப்படியே எழுதிவிட்டேன், பூனை உட்பட.

பதிவேற்றியதும், போனில் எண் பதிந்துள்ள எல்லோருக்கும் சொல்லட்டுமா என்று செயலி கேட்டது. வாசகர்கள் வேண்டாமா? ஆம் என்று தட்டினேன்.

ஜூலை 12

நம்பவே முடியவில்லை! எத்தனை பேர்! ஒருத்தி அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்து அழுதாளாம். இன்னொருத்தி, "பல்லால் பையைக் கவ்விய அந்த இடத்தில் நான் என்னையே பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாள். அது சித்தியின் வரி என்று அவளுக்குத் தெரியாது. என்னைத்தான் பாராட்டுகிறாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

முதல் நாளிலிருந்து விடாமல் வருபவர் ஒருவர் இருக்கிறார். 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்திருக்கிறார். எவ்வளவு மரியாதை! "சகோதரி, நீங்கள் எழுதினால் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. இப்போது இருக்கும் வீட்டையும் சற்று விவரியுங்கள். அந்த ஜன்னலில் நின்றால் என்ன தெரியும்?"

நாளை அதைத்தான் எழுதப் போகிறேன். எதிரே டயர் கடை, அடுக்கிய டயருக்குள் குட்டி போட்ட பூனை. பச்சைப் பெயிண்ட் அடித்த மாடிப்படி. கடைசிக்கு முந்தின படி ஆடும், தெரியாமல் மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். இதெல்லாம் கற்பனையில் வராது என்று கண்ணாடியே ஒப்புக்கொள்வாள்.

ஜூலை 20

செயலியில் இனி அத்தியாயங்களைப் பூட்டி வைக்கலாமாம். பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் திறக்கும், அதில் எனக்கும் பங்கு உண்டு. பெரியவர் ஒருவரின் வங்கிக் கணக்கு வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வரும் பணத்தில் சித்திக்கு நல்ல ஷூ வாங்க வேண்டும். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிறாள். இன்று வந்ததும் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, "இது கால் இல்லடி, ரெண்டு தலகாணி" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். இப்போதெல்லாம் அவள் பேசும்போது பாதி காதால் கேட்கிறேன், பாதியால் அத்தியாயம் பிரிக்கிறேன்.

ஜூலை 22

பணம் கட்டிப் பூட்டைத் திறந்த முதல் ஆள் வழிப்போக்கன்! சித்தியிடம் சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. எப்படிச் சொல்ல?

ஆகஸ்ட் 2

எழுத்து எனக்கே புரியவில்லை.

சாயங்காலம். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நானும் சித்தியும் மட்டும். படி ஆடும் சத்தம் கேட்டது. அம்மா எப்போதும் அந்தப் படியைத் தாண்டித்தான் கால் வைப்பாள்.

கதவைத் தட்டினார்கள். மெதுவாக.

"நான்தான்." அந்தக் குரலைக் கேட்டதும் சித்தி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். சித்தப்பா. கோபமே இல்லை. கல்யாண வீட்டுக்கு அழைக்க வந்தவர் போலப் பேசினார். "பச்சைப் படி, எதிர்ல டயர் கடை, எல்லாம் சரியா இருக்கு. கடைசிக்கு முந்தின படி ஆடும்னு எழுதியிருந்ததே, அதுவும் ஆடுது. நல்லா எழுதுறே. பூனை, பல்லுன்னு எல்லாத்தையும் ஊர் சிரிக்கச் சொல்லிட்டே. போதும், வா."

சித்திக்கு எதுவும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முறிந்து கூடிய கையாலும்தான். அப்போது கீழ் வீட்டு நர்ஸ் சீருடையோடு மேலே வந்திருக்க வேண்டும். "யாருங்க நீங்க? இங்க என்ன வேலை?" என்று ஒரு அதட்டல்.

"சொந்தக்காரங்கதான், சிஸ்டர்."

"சொந்தக்காரங்கன்னா கதவைத் திறந்திருப்பாங்களே. கீழ இறங்குங்க முதல்ல."

இறங்கினார். போகும்போது, "நாளைக்கு வரேன்" என்று கதவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வழிப்போக்கன். சகோதரி, சகோதரி என்று... ஐயோ, நான் எப்படி யோசிக்காமல் போனேன்? அம்மாவின் பழைய போன் அது. அவர் எண் அதில் இருக்கும்தானே? எல்லோருக்கும் சொல் என்று நான்தானே தட்டினேன்?

ஆகஸ்ட் 3

பள்ளிக்குப் போகவில்லை. சித்தியும் வேலைக்குப் போகவில்லை. சித்தப்பா எதிரே டயர் கடையில் உட்கார்ந்து, கடைக்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திரையை அம்மா ஊக்கு குத்தி மூடிவிட்டாள்.

"எழுதியிருந்ததுன்னானே, யாரு எழுதினா?" என்று அம்மா கேட்டபடியே இருந்தாள். கடைசியில் சித்தியோடு வேலை செய்யும் இஸ்திரி அக்கா மேல் சந்தேகம் வந்தது. சித்தி மனம் விட்டுப் பேசும் வெளியாள் அவள் ஒருத்திதான். அம்மா போனில் கூப்பிட்டு, "உன்னை நம்பித்தானேடி பேசினா? எவ்வளவு வாங்கினே அவன்கிட்ட?" என்று கத்தினாள். மறுமுனையில் அந்த அக்கா அழுவது எனக்குக் கேட்டது.

என் போனைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். கதவு தட்டப்பட்டபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

ஆகஸ்ட் 4

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, போனைச் சித்தி கையில் கொடுத்தேன்.

குளியலறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஓரிடத்தில் சிரித்தாள். தலையணைக் கால் வந்த இடமாக இருக்கும்.

"என்னை விட நல்லா சொல்லியிருக்க" என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் உங்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்" என்றாள்.

அம்மா இஸ்திரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் தள்ளினாள்.

எல்லா அத்தியாயங்களையும் அழித்துவிட்டேன். அவர் படித்ததை எப்படி அழிப்பது?

ஆகஸ்ட் 6

சித்தி போய்விட்டாள். நர்ஸம்மா தன் ஆஸ்பத்திரி வண்டியைப் பின்பக்கச் சந்துக்கு வரவழைத்திருந்தார். அதே பழைய பை. இந்த முறை கையில்தான் பிடித்திருந்தாள்.

"எங்க போற சித்தி?"

அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நர்ஸம்மாவுக்கும்தான். பிறகு குனிந்து என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"உங்கிட்ட சொல்ல மாட்டேன்டி. நீ நல்லா எழுதுற."

கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 11

இரவு பாயில் பாதி இடம் காலி. குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 19

செயலியிலிருந்து செய்தி. அழிப்பதற்கு முன் சேர்ந்த என் பங்கு தயாராக இருக்கிறதாம், கணக்கு விவரம் கொடுத்தால் அனுப்புவார்களாம். ஒரு ஜோடி ஷூவுக்குத் தாராளமாகப் போதும்.

இனி எதையும் மறைக்கக் கூடாது என்று அம்மாவிடம் காட்டினேன். "அதுல அவன் கட்டின காசும் இருக்குல்ல?" என்றாள். தலையாட்டினேன். "அந்தக் காசு இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

வாசகர்கள் விடுவதாக இல்லை. பாதியில் விட்டதற்குத் திட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னதான் ஆயிற்று? இப்போது எங்கே இருக்கிறாள்? கண்ணாடி துள்ளுகிறாள்: "இப்பதான்டி நல்லா சூடு பிடிச்சிருக்கு, இப்பப் போய் நிறுத்துவாங்களா?"

உண்மையாக எழுதச் சொன்னவள் இவள்தானே என்ற கோபத்தில், அவளை இனி 'கண்ணாடி' என்று செல்லமாகக் கூப்பிடப் பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்? தட்டியது என் விரல்.

செப்டம்பர் 9

சித்தி கூப்பிட்டாள். எப்போதும் அம்மா மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவாள். இன்று மழை, அதனால் சமையலறையிலேயே நின்று பேசினாள். பேசி முடித்து, என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"என்னடி, பரீட்சை எப்படி?"

"சுமார்."

"பொய் சொல்லாத. ஃபெயிலா?"

"கணக்குல மட்டும்."

"அப்ப என் வாரிசுதான்."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இங்கே உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் தலையணை இரண்டும் வற்றிவிட்டன என்றாள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பேசும்போது அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும் கேட்டது. இந்தச் சத்தம் எங்கெல்லாம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். யோசித்தால் இடத்தைக்கூடச் சொல்லிவிடுவேன்.

என்ன சத்தம் என்று எழுதத்தான் இன்று இதைத் திறந்தேன்.

எழுதப் போவதில்லை. இங்கேகூட.