குளத்தைக் கலக்கிய ஆடு

சிங்கப்பூர், தேக்கா
1913, ஷஃபான் மாதம்

அருமை மகன் நெய்னா முகம்மதுக்கு, உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சம்சுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கையும் இங்கே சுகமாக இருக்கிறோம், ரங்கூனில் நீயும் சுகம்தான் என்று உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து நடுங்காமல் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெரியும். வாப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் ஆட்டுப்பட்டிக்கு நடந்தே போய் வருகிறார்கள். போன கப்பலில் வந்த ஆடுகள் மழையில் நனைந்து இருமிக்கொண்டிருந்தன, இப்போது தேறிவிட்டன. அடுப்படிக்கு மேலே ஓடு ஒழுகுகிறது, நீ விட்டுப்போன பழைய குடையை விரித்து அரிசிப் பானைக்கு மேலே கட்டி வைத்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான்.

இனி நீ போன கடிதத்தில் எழுதியிருந்ததற்கு வருகிறேன் தம்பி. வீட்டைத் தெருப்பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக்கிவிட்டீர்கள், வயதுக்கு வந்த பெண் ஊரார் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நரிக்கதையும் குரங்குக்கதையும் சொல்வது நம் குடும்பத்துக்கு அழகா, கேள்விப்படுகிறவர்கள் என்ன சொல்வார்கள், நோன்புக்கு முன் போகிற கப்பலில் அவளை நாகூருக்குச் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டியதும் அவள்தான், வாப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியுமே. ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து மடித்து வாப்பா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வாப்பா வெளியே போய்க் கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது இதை எழுதும்போதும் பேனாவை நிறுத்தி நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள், நான் சொல்வதைச் சொன்னபடி எழுது புள்ளை என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஹலீமா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது அவள் மூத்த மகன் ரவூபை நாம்தான் பார்த்துக்கொண்டோம். வெளியே விட்டால் எருமைக்கூட்டமும் கட்டை வண்டியும் போகிற தெரு, உள்ளே வைத்தால் யாரையாவது கடிக்கிற பிள்ளை. அவனை அடிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நான் தவித்தபோது, உன் தங்கை அவனைப் பாயில் உட்காரவைத்து, எதற்கெடுத்தாலும் கடிக்கிற ஒரு ஓணான் கதையைச் சொன்னாள், கடிபட்டவர்கள் ஒவ்வொருவராக அது இருந்த மரத்தை விட்டுப் போய்விட, கடைசியில் ஓணான் தன் நிழலோடு தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பையன் அழுதான், மறுநாள் கடிக்க வாயைத் திறந்தவன் என்னைப் பார்த்து மூடிக்கொண்டான். பிறகு எதிரில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிற வேலாயுதத்தின் மகள் பூவம்மா வந்தாள், தகரக் கடைச் சீனருடைய பேத்தி வந்தாள், பின்வீட்டு மலாய்க்காரப் பெண்ணின் பிள்ளைகள் வந்தார்கள். பெரியவர்கள் வந்தால் திரைக்குப் பின்னால் போய் நிற்கிற உன் தங்கை, பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தால் காக்கையாகக் கரைகிறாள், எருமையாகப் பெருமூச்சு விடுகிறாள். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாத இடத்தில் மலாய் வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறாள். வயதுக்கு வந்தாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது நாம்தானே, அங்கே படித்த கொஞ்சத்தை அவள் வீணாக்கவில்லை.

ஆனால் தம்பி, கதை என்றால் யாராவது ஒருவர் தப்பு செய்ய வேண்டுமே, அங்கேதான் தொல்லை வந்தது. ஒருநாள் எருமையைச் சுயநலக்காரியாக வைத்து, குளத்தில் வேறு யாரையும் இறங்கவிடாமல் படுத்துக்கொண்டதாகச் சொன்னாள். பூவம்மா வீட்டுக்குப் போய்த் தங்கள் எருமையிடம் நீ கெட்டவள் என்று சொல்லிப் பாலைக் குடிக்க மாட்டேன் என்றாளாம். வேலாயுதத்தின் மனைவி சரஸ்வதி வாசலில் வந்து நின்று, அந்தக் கெட்டவ பாலைத்தான் அக்கா உங்க வீட்டு டீயில ஊத்துறீங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், சிரிப்பு கண்ணில் இல்லை. சரி என்று உன் தங்கை பாம்பை வைத்தாள், வேலாயுதம் வீட்டார் பாம்புக்குப் பால் வைக்கிறவர்கள், கூடாது என்றார்கள். காக்கை முன்னோருக்குச் சோறு கொண்டுபோகிற பறவை, குரங்கும் எலியும் அவர்கள் சாமியோடு சேர்ந்தவை. சீனர் கணக்கில் எலி வருஷத்தில் பிறந்தவர் தகரக் கடைக்காரர், அவரும் பேத்தியிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். பூனையை வைத்தால் நம் ஹலீமாவுக்கே பொறுக்கவில்லை, லாத்தா, நபிகள் நேசிச்ச பூனையைப் போய்த் திருடின்னு சொல்லலாமா என்று என்னிடம் வந்து முறையிட்டாள். புலி என்றால் மலாய்ப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, அப்படிப் பெயர் சொல்லக் கூடாது, தாத்தா என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். யார் வீட்டுக்கும் வேண்டாத பிராணி என்று மிஞ்சியது முதலை ஒன்றுதான், ரோச்சோர் ஆற்றில் கிடக்கிற அதற்காகப் பரிந்து பேச ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து எல்லாக் கதையிலும் எல்லாத் தப்பும் முதலையே செய்தது. வாசல்கள் அமைதியாகிவிட்டன, நாங்களும் அப்பாடா என்று இருந்தோம்.

பிள்ளைகள் அதிலிருந்து என்ன பாடம் படித்தார்கள் என்று கேள். நம் வீட்டுத் தண்ணீர்ப் பானை உடைந்து கிடந்தது, யார் என்றேன், முதலை என்றான் ரவூப். ஹலீமா வீட்டில் சர்க்கரை காணோம், முதலை. நான் சிரித்தேன், உன் தங்கை சிரிக்கவில்லை. உம்மா, நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன் என்றாள். என்ன தப்பு, பிள்ளை விளையாட்டு என்று நான் விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவில் ஒரே கூச்சல். வேலாயுதத்தின் எருமைக்கன்று கட்டு அவிழ்ந்து ஓடிப்போய் ரோச்சோர் கால்வாய்ச் சேற்றில் வயிறு வரை புதைந்து கிடக்கிறது, கடல் பெருக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, வாப்பாவும் இன்னும் ஆட்களும் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள், ஒரு கால் மட்டும் பிசகிவிட்டது. தாய் எருமை கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. யார் அவிழ்த்தது என்று வேலாயுதம் கேட்க, நம் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலாக, முதலை என்றார்கள். கொஞ்சமும் தயங்கவில்லை தம்பி. எங்க புள்ள மாட்டைத் தொடவே தொடாது என்று ஹலீமா உள்ளிருந்து சொல்ல, எங்க பொண்ணு சொந்தக் கன்னுக்குட்டியையா அவுத்து விடுவா என்று சரஸ்வதி திருப்ப, மாட்டு நாத்தத்துல குடியிருக்கிறதே பெருசு என்று ஹலீமா சொல்ல, பாலுக்குச் செம்பைத் தூக்கிட்டு வரும்போது அந்த நாத்தம் தெரியலையா என்று அவள் கேட்க, கடைசியில் இரண்டு பேரும் நாளையிலிருந்து எங்கள் பிள்ளை இங்கே வராது என்றார்கள். வாப்பா என்னைப் பார்த்தார்கள். நெய்னா எழுதினது சரிதான் என்கிற பார்வை. நாகூருக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு கதை பாக்கியிருக்கு, அதை மட்டும் கேட்டுட்டுப் போங்க என்று ஒரு குரல் வந்தது. வேலாயுதம் எத்தனையோ வருஷமாக எதிரில் இருந்தும் உன் தங்கை குரலைக் கேட்டதில்லை, யார் பாய் பேசுறது என்று வாப்பாவைக் கேட்டார். உன் தங்கை திரையை விட்டு வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள். ஒரு குளம், தினம் காலையில் கலங்கிக் கிடக்கும், எல்லாரும் முதலை என்பார்கள். கேட்டுக் கேட்டு மனம் நொந்த முதலை ஒருநாள் கடலுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் குளம் முன்னைவிட அதிகமாகக் கலங்கியிருக்கிறது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஒரு ஆடு முன்னால் வந்து, நான்தான், கரையில் மேயும்போது என் குளம்பு பட்டு மண் சரிந்தது, பயந்து சொல்லவில்லை என்றது. இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். அதுக்கப்புறம் யார் பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க என்றாள்.

ஆட்டு வியாபாரி வீட்டுக் கதையில் ஆடு தப்பு செய்ததை யாரும் கேட்டதில்லை. முதலில் பூவம்மா, தன் அப்பா கையை விட்டுவிட்டு, கயித்த அவுத்தது நான்தான் என்றாள். பின்னாலிருந்து தள்ளினேன் என்றான் ரவூப். சீனர் பேத்தி தகர டப்பாவைத் தட்டிக் காட்டினாள், அந்தச் சத்தத்தில்தான் கன்று மிரண்டு ஓடியிருக்கிறது. அடி விழப்போகிறது என்று நான் பார்த்தால், வேலாயுதம் கழுத்தைத் தடவிக்கொண்டு, தொழுவத்துப் படலைச் சாத்தாமப் போனது நான்தான் பாய் என்றார். போகும்போது வாசற்படியில் நின்று உன் தங்கையைப் பற்றி வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னார், அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹலீமா மறுநாள் காலையில் கன்றின் காலுக்குப் பற்றுப்போட உப்பும் புளியும் அரைத்து எடுத்துக்கொண்டு தானே எதிர்வீட்டுக்குப் போனாள்.

எல்லாரும் போன பிறகு வாப்பா திரைப் பக்கம் பார்த்து, ஏன் புள்ளை, தப்பு செய்யறதுக்கு என் ஆடுதானா கிடைச்சுது என்று கேட்டார்கள். நம்ம வீட்டுதுதானே வாப்பா, அதுக்கு நான் யாரைக் கேக்கணும் என்றாள். வாப்பா அதற்குப் பிறகு கப்பலைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் ஒரு புதுப்பாய் வாங்கி வந்து கூடத்தில் சாய்த்து வைத்தார்கள்.

இப்போது இங்கே ஒரு வழக்கம் வந்திருக்கிறது, கதையில் தப்பு செய்கிற பிராணியை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். இன்னிக்கு எங்க எருமை என்ன பண்ணிச்சு அக்கா என்று சரஸ்வதியே பால் ஊற்றும்போது கேட்கிறாள், ஒன்றும் பண்ணவில்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. முதலையைத் திரும்பக் கூட்டிவந்து அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள், அது வந்துவிட்டது, கொஞ்சம் கர்வமாக இருக்கிறதாம். பானை மட்டும் இன்னும் உடைகிறது, ஆனால் யார் உடைத்தது என்று நான் கேட்க வேண்டியதில்லை.

ஆகையால் தம்பி, சம்சு நாகூருக்கு வரமாட்டாள். கேள்விப்படுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாயே, நீ இப்போது கேள்விப்பட்டுவிட்டாய், என்ன சொல்கிறாய் என்று எழுது. நீ அண்ணன், அவள் மானம் உன் மானம் என்று நினைத்துத்தான் எழுதினாய், அதில் எனக்குக் குறையில்லை. என்றாலும் கோபம் வந்தால் கடிதத்தை எழுதி ஒரு ராத்திரி தலையணைக்கடியில் வைத்திருந்து காலையில் படித்துப் பார்த்து அனுப்பு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரத்தலையோடு தூங்காதே. தலைப்பிறை பார்த்ததும் இரண்டு வரியாவது எழுத மறக்காதே, நோன்பு திறக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் முதல் பேரீச்சம்பழத்தை எடுப்பேன். அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளையும் ஹலாலான உழைப்பில் வருகிற ரிஜ்க்கையும் குளிர்ந்த மனதையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு உன் வரவை எதிர்பார்க்கும் உம்மா,
பதுருன்னிசா

நெய்னா நானாவுக்குச் சம்சுவின் ஸலாம். வேலாயுதம் வாசற்படியில் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதச் சொன்னார்கள் உம்மா. எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன். எழுதாமல் விட்டது நான்தான். நீங்கள் வரும்போது உம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.