நாலு அறை வீடு

அக்டோபர் 9, திங்கள்

பாத்திரம் கழுவ யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மதியம் வந்து பார்த்தால் அடியில் கேலமின் கிறுக்கல்: "சரிங்க மிஸ்." கிழித்துப் போட்டுவிட்டேன்.

அமெரிக்காவில், மினசோட்டாவில் அத்தனை வருடம் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி, ஓய்வு பெற்று, வரலாறு படிக்கச் சேர்ந்து, இப்போது ஒரு பருவத்துக்கு இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்கு வந்திருக்கிறேன். விடுதியில் முதலாண்டுப் பிள்ளைகளோடு ஒரே ஃப்ளாட். இமோஜன், கேலம், பெத்தன், நான். ஐந்தாவது அறைப் பையனை யாரும் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜில் அவனுடைய பால் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இங்கே நான் மாணவி. லோர்னா. மிஸ் இல்லை – மனதில் வை.

அக்டோபர் 24, செவ்வாய்

வீட்டுப்பாடமே கிடையாது. ஜனவரியில் ஒரே ஒரு கட்டுரையாம், மொத்த மதிப்பெண்ணும் அதற்குத்தான். அதுவரை நான் படிக்கிறேனா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

சாப்பிடும்போது கேலம், "மிஸ், இன்னிக்கு எங்களுக்கு ஹோம்வொர்க் உண்டா?" என்றான்.

"உண்டு. உன் வாணலியக் கழுவு."

எல்லோரும் சிரித்தார்கள். பெத்தன்கூட. வேல்ஸிலிருந்து வந்த பெண். பொதுச் சமையலறைக் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

முதல் முறையாக எனக்கும் இங்கே ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

நவம்பர் 5, ஞாயிறு

வெளியே வாணவேடிக்கை; இங்கே வருடா வருடம் இந்த நாளில் உண்டாம். பெத்தன் தன் பாட்டுக் குழுப் பெண்களோடு பார்க்கப் போயிருந்தாள். இமோஜனும் கேலமும் சமையலறையில் ஒரு வீட்டின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடுதி முதலாண்டுக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு யார் யாரோடு தங்குவது என்பதை, அறிமுகமாகிச் சில வாரமே ஆன பிள்ளைகள், இப்போதே முடிவுசெய்து வீடு பிடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் வசந்த காலம் வரை அந்தப் பேச்சே வராது. ஒரே ஃப்ளாட்டில் இருப்பவர்கள் சேர்ந்துதான் போவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"பெத்தனுக்கு எந்த ரூம்?" என்று கேட்டேன்.

கேலம் திரும்பிப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தான். இமோஜன் மடிக்கணினியை மூடினாள்.

"நாலு ரூம்தான் லோர்னா. நாங்க ரெண்டு பேர், என் க்ளாஸ்ல ரெண்டு பேர்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவ நல்லவதான். ஆனா எல்லார் தட்டையும் கழுவி வெச்சிட்டு ஒண்ணுமே சொல்லாம போயிடறா. அவளப் பாத்தாலே ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு எனக்கு. நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீங்க சொல்லிடாதீங்க. ப்ளீஸ். ப்ராமிஸ்?"

வாக்குக் கொடுத்தேன். டீச்சரிடம் இப்படிக் கேட்க மாட்டார்கள், கூட இருப்பவளிடம்தான் கேட்பார்கள் – அந்த அற்ப சந்தோஷம். வேறென்ன?

நவம்பர் 7, செவ்வாய்

பெத்தன் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். நான் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"பாட்டுக் குழுப் பொண்ணுங்க அடுத்த வருஷத்துக்குக் கூப்பிடறாங்க. ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்காம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள சொல்லணும். முடியாதுன்னுதான் சொல்லப் போறேன். நம்ம ஃப்ளாட்லயே எல்லாரும் சேர்ந்துதானே போறோம்?"

நான் தலையாட்டினேன். ஆட்டியே விட்டேன்.

அவள் போனதும் நேரே இமோஜனின் அறைக்குப் போனேன். "இன்னிக்கே சொல்லு. அவ வேற இடத்த வேணாம்னு சொல்லப் போறா."

"எங்க வீட்டு ஒப்பந்தம் முடியட்டும். இப்ப சொன்னா அழுவா, சண்டையாகும்."

நவம்பர் 9, வியாழன்

இமோஜன் காலை ரயிலில் ஊருக்குப் போய்விட்டாளாம். செய்தி அனுப்பியிருக்கிறாள்: "திங்கள் வந்து சொல்றேன்." கேலமிடம் போனேன். "நான் இதுல இல்ல மிஸ்" என்றான். இல்லையாம்! அந்த வீட்டில் பெரிய அறையே அவனுக்குத்தான்.

பள்ளியில் விளையாட்டு நேரத்தில் இரண்டு தலைவர்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி அணி பிரிப்பார்கள். கடைசியாக நிற்கிற பிள்ளை ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொள்ளும். ஒருமுறை அதைக் கவனித்துவிட்ட பிறகு, என் வகுப்பில் தலைவர்களே கிடையாது; ஒன்று, இரண்டு என்று எண் சொல்லித்தான் பிரிப்பேன். ஆனால் அந்தப் பிள்ளைக்காவது தான்தான் கடைசி என்று தெரியும். இவளுக்கு அதுவும் தெரியாது.

சொன்னால், நான் மறுபடியும் மிஸ். பிள்ளைகளின் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற கிழவி. பருவம் முடியும் வரை இந்தச் சமையலறையில் இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். சொல்லாவிட்டால்? அவள் அடுத்த வருடம் முழுக்க எங்கே, யாரோடு இருப்பாள்?

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன்? எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நவம்பர் 10, வெள்ளி

காலையில் சொல்லிவிட்டேன். பெத்தன் அப்போதுதான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

"செவ்வாக்கிழமை கேட்டேனே. தலைய ஆட்டுனீங்களே!"

"ஆமா."

"பாட்டுக் குழுப் பொண்ணுங்ககிட்ட முடியாதுன்னு நேத்தே சொல்லிட்டேன், லோர்னா."

கோட்டுகூடப் போடாமல் மழையில் ஓடினாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னாடி வாயத் தொறந்திருக்கக் கூடாதா?

நவம்பர் 13, திங்கள்

இமோஜன் வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை.

"இது உங்க க்ளாஸ் இல்ல. வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். மீறிட்டேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். பெத்தன் அன்றே திரும்பி வந்தாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. இடம் கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேலம் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 16, வியாழன்

இப்போதெல்லாம் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவள் நான்.

நவம்பர் 22, புதன்

மத்தியானம் பெத்தன் என் அறை வாசலில் நின்றாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இன்னிக்கு வீடு பாக்கப் போறோம். எங்க நாலு பேருக்கும் ஏஜென்ட்கிட்ட பேசவே வாய் வராது. செவுத்துல ஈரம் இருக்கான்னு பாக்கணுமாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்போ... அவங்க உன்ன..."

"கெஞ்சினேன். சேத்துக்கிட்டாங்க. ஆனா உங்க மேல கோவம் இன்னும் போகல."

"சரி."

"கோட்டு போட்டுக்கோங்க. மழை பெய்யுது."

அந்த வீட்டின் பின்னறையில் புது பெயின்ட் வாசனை. ஒரு சுவரில் மட்டும்தான் புதிதாக அடித்திருந்தார்கள். நான் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்; ஈரச் சில்லிப்பு. கூரான ஷூ போட்ட ஏஜென்ட் பையன் பெத்தனைப் பார்த்துச் சிரித்தான். "அம்மாவக் கூட்டிட்டு வந்துட்டீங்க போல?"

"அம்மா இல்ல" என்றாள் பெத்தன். "நாங்க ஒரே ஃப்ளாட்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் அந்தச் சுவரை ஒட்டி நின்ற அலமாரியை நகர்த்தச் சொன்னேன்.