ஜெபக் குறிப்புப் பெட்டி

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் ஆபீஸ் சபைகளுக்கு ஆன்லைன் காணிக்கைப் பக்கம் செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரியும். பணம் அனுப்பும் இடத்துக்குக் கீழே ஜெபக் குறிப்பு எழுத ஒரு பெட்டி வைத்தால் காணிக்கை கூடும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. "அத யாரு சார் படிப்பாங்க?" என்று கேட்டேன். "போதகருக்குப் போயிடும்பா" என்றார்.

நம் சபையின் பக்கத்தைச் செய்தது நான்தான். சோதித்துப் பார்க்கப் போட்ட என் மெயில் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். குறிப்புகளெல்லாம் என்னிடமே வந்து குவிந்திருக்கின்றன. நேற்றுதான் பார்த்தேன். உடனே போதகருக்கு அனுப்பிவிட்டேன், வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. அது நீங்கள் எழுதியது: "எம் மகன் போன எடுக்கவே மாட்டேங்கிறான் ஆண்டவரே, அவன நேரத்துக்குச் சாப்பிட வையும்." அதற்கு "அன்புச் சகோதரியே, உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று தானாகப் போன பதிலும் நான் எழுதி வைத்ததுதான். தப்பாக நினைக்க வேண்டாம்.

என் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது; எப்படித் தைப்பது என்று வீடியோ எடுத்து அனுப்புங்கள். கை மட்டும் போதாது, முகமும் தெரியட்டும்.

பஸ் வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுங்கள், எடுக்கிறேன். அதற்காக இனிமேல் காணிக்கை போட வேண்டாம்.

உங்கள் மகன்