பாட்டு டீச்சரின் சம்மதம்

பிப்ரவரி 9

என் பாட்டு டீச்சருக்கு,

நலம். இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாய் என்று நம்புகிறேன். நான் படிக்கிற இந்தக் குருமடத்தில் நம்புவதைத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இங்கே பனி இன்னும் விலகவில்லை. காலையில் கோயிலுக்குள் நுழைந்தால் தூபப் புகையில் தூண்கள் தரையை விட்டு மிதப்பதுபோல் இருக்கிறது. எங்கள் ஆர்த்தடாக்ஸ் கோயிலில் வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். போரிலிருந்து என் காதோடு வந்த பீரங்கி இரைச்சல், அந்தக் குரல்களுக்கு நடுவில் நின்றால் மட்டும் அடங்குகிறது.

நேற்று ஆயர் கூப்பிட்டார். "போர்ல யாரையாவது கொன்னிருக்கியா?" என்று கேட்டார்.

"தெரியல ஐயா. நான் சுட்டதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. விழுந்த இடத்தை நான் பார்த்ததே இல்ல."

என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பக்கத்துக்காரங்களுக்காக தினமும் வேண்டிக்கோ. பேர் தெரியலன்னா பரவாயில்ல" என்றார்.

கோடையில் எனக்குக் குருப்பட்டம் தர நினைக்கிறார். எங்கள் சபையில் மணமானவனும் குருவாகலாம், மனைவி சம்மதித்தால். உன் கைப்பட ஆயருக்கு ஒரு வரி எழுது.

உன்
பீரங்கிக்காரன்

பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

இருமல் போய்விட்டது. கூரை ஒழுகி, சமையலறையில் இரண்டு வாளி வைத்திருக்கிறேன்.

குரல்கள் உங்களுக்கு இதமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் திரும்பி வந்த வாரம், பாத்திரம் கழுவிக்கொண்டே நான் பாடினேன். "போதும், நிறுத்து" என்று காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் வாய் திறந்து பாடியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டையும் கழற்றி வைத்துவிடுவேன். பெண்டாட்டி பாடினால் குத்துகிறது, ஊரார் பாடினால் தேனாக இருக்கிறதா?

போருக்கு முழு ஆளை அனுப்பினேன், பாதி ஆள் திரும்பி வந்தார். அந்தப் பாதியையும் சாமி கேட்கிறாரா? ஆயருக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 14

என் கண்ணுக்கு,

நீ கேட்டது நியாயம். பதில் எனக்கே இப்போதுதான் தெளிந்தது.

அன்று உன் பாட்டு என் காதைக் குத்தவில்லை. நீ அவ்வளவு நிம்மதியாகப் பாடினாய். மலைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி இப்படித்தானே பாத்திரம் கழுவிக்கொண்டு பாடியிருப்பாள் என்று தோன்றிவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே கோயிலில் அவளுக்காகவும் சேர்த்துப் பாடுகிறார்கள், அதனால்தான் கேட்க முடிகிறது.

உனக்குச் சம்மதமில்லை என்றால் அப்படியே எழுது. வந்து கூரையைச் சரிசெய்கிறேன். மனம் நொந்து சொல்லவில்லை.

உன்
பீரங்கிக்காரன்

ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். ஞாயிறன்று முதல் பஸ் பிடித்து உங்கள் கோயிலுக்கு வந்தேன். கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். புகையும் மெழுகுவர்த்தி வெளிச்சமும் சேர்ந்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று உங்கள் வரிசை பாடியது. உங்கள் குரல் மட்டும் தனியாக ஒரு பக்கம் போனது. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே தேவலை.

பக்கத்தில் நின்ற அம்மாள், "யாரும்மா அது, இப்படி இழுக்கறாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழாதம்மா. போகப் போக சுருதி வந்துடும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"பெயர் தெரியாமல் மாண்டவர்களுக்காக வேண்டுவோம்" என்று பாதிரியார் சொன்னபோது நானும் சேர்ந்து பாடினேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் தோள் இறங்கியது. போரிலிருந்து வந்த நாள் முதல் காதுவரை தூக்கியே இருந்த தோள். அதைப் பார்த்தது போதும் என்று, பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆயருக்குச் சம்மதம் எழுதி அனுப்பியாகிவிட்டது. உங்களை எந்த ஊர்க் கோயிலுக்கு அனுப்பினாலும், சுருதி பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. அதனால் பள்ளிக்கூடத்து வேலையையும் விட்டுவிட்டேன். என்னைக் கேட்காமல் எப்படி என்று கோபிக்காதீர்கள். பட்டாளத்தில் சேரும்போது நீங்கள் யாரைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள்?

உங்களோடு வருகிற
பாட்டு டீச்சர்