எஃகுக் கம்பி சுற்ற சுவாவுக்குப் போனது

அன்பு மகள் ஜோசலினுக்கு,

லிங்கியிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முட்டிவலிகூட இந்த வாரம் வாய் திறக்கவில்லை. கனடாவில் நீங்கள் இருவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் இதை எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, அதனால்தான் பேனா எடுத்தேன்.

ஆகஸ்டில் உங்கள் ஏரியில் சால்மன் பிடிக்கப் போவதை நினைத்தாலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாப்பிள்ளை ஹேமநாதன் தன் நண்பரிடம் கொடுத்தனுப்பிய தூண்டில் ரீலும் எஃகுக் கம்பிச் சுருளும் போன வாரம் வந்து சேர்ந்தன. கோடையில் மீன் குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும், சாதாரண நைலான் நூல் அவ்வளவு தூரம் இறங்காது, கம்பி தன் கனத்திலேயே இறங்கும் என்று வீடியோ காலில் விளக்கினார். லிங்கி ஆற்றில் முப்பது வருஷம் தூண்டில் போட்டவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று தனியாகவே சுற்ற உட்கார்ந்தேன். கொஞ்சம் தளரவிட்டேன், அவ்வளவுதான், கம்பி துள்ளி என் மடியெல்லாம் சுருண்டு, மடிப்பு விழுந்த இடத்தில் பட்டென்று அறுந்தது. உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த ஹேமநாதன் சிரிக்கவில்லை. “மிச்சம் போதும் லா மாமா. ஆனா இதுக்கு ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் இழுத்துப் புடிக்கணும், ஒருத்தர் சுத்தணும். எங்கப்பா பக்கத்து ஊரு சுவாவுல சும்மாதான் இருக்காரு, கேட்டுப் பாருங்களேன்” என்றார். உன் கல்யாணத்துக்கு நான் வராமல் போய் ஆறு வருஷம். இந்து வீட்டுப் பையன் என்று சொல்லி, பெண் கேட்டு வந்த அவர் அப்பா மணியத்தை வாசலிலேயே நிற்கவைத்து நான் பேசியதெல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பியதில்லை.

சனிக்கிழமை காலை போனேன். மணியம் கேட்டைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ரீலைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள், “மொதல்ல கம்பிய சுத்துவோம் எட்மண்ட், வெயில் ஏறிடும்” என்றார். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் கம்பியை நீளமாக விரித்தோம். அவர் நுனியைத் துணியால் இறுக்கிப் பிடித்து அடி அடியாக என்னை நோக்கி நடந்து வந்தார், நான் சுற்றினேன். ஒரு மடிப்பு விழவில்லை. நுனியில் முறுக்கிக் கொக்கி கட்டியதும் அவர்தான், என் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. அப்புறம்தான், “அன்னிக்கு நான் பேசினது தப்புங்க” என்று சொன்னேன். அவர் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோவம் இருந்துச்சு லா, இப்பவும் கொஞ்சம் இருக்கு. உள்ள வாங்க, சாப்பிட்டுப் போங்க” என்றார். தனி ஆள், தானே வைத்த நெத்திலி சம்பலைப் பரிமாறினார். சாப்பிடும்போது அந்த மீன் எவ்வளவு பெரிசு இருக்கும், கம்பி தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகனைப் பார்த்து நான்கு வருஷமாம், தனியாக விமானம் ஏறப் பயமாம். நீங்களும் எங்களோடு வாங்க என்றேன். எழுந்து போய் அலமாரியைத் துழாவி, பாஸ்போர்ட் எடுத்துவந்து தேதி சரியா பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஏரிக்காற்றுக்கு மூன்று பேருக்கும் கெட்டியான ஜாக்கெட் எடுத்து வை, மணியம் நல்ல உயரம். கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காப்பாராக. மாப்பிள்ளையிடம் அவர் அப்பா வருவதை நீயே சொல்லிவிடு.

உன் அப்பா,
எட்மண்ட்